கைபடாத கொடி

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தென்னந்தோப்புகளுக்கும் அரபிக் கடலுக்கும் இடையே, வடம் ஒன்றை நீட்டிப் போட்டாற்போல் கிடப்பது சங்குப்பாறைத்துறை என்னும் சிற்றூர். இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரத்தில் அவ்வூரார் அனைவரும் ஒரே பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். கோயில் வாசலிலிருந்து குருசடி என்னும் சிலுவை மேடையின் கொடிமரம் வரை, நூற்றிருபது அடி மணலில், ஒரு கொடியை எவ்வாறு கொண்டுசேர்ப்பது என்பதே அப்பொருள்.

அந்தோணியார் திருவிழாவுக்கான கொடியை எடுத்துச் செல்லும் உரிமை இரு குடும்பங்களுக்கு இருந்தது. கொடிமரமாக நிற்கும் தேக்கு தம் பாட்டனார் கொடுத்தது என்பார் ரசலையன். கொடித்துணியைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்துக் கொடுப்பது தம் வீடு என்பார் மரியஜான். இருவரும் தாம்பாளத்தின் இரு ஓரங்களைப் பிடித்து நடப்பர். புறப்பட்ட கொடி ஓரடியும் பின்வாங்கலாகாது என்பது ஊர் வழக்கம். சென்ற ஆண்டு பாதி வழியில் இருவருள் ஒருவர் பின்னடி வைத்தார். வைத்தவர் யார் என்பதில் பிறந்த சண்டையில் ரசலையனின் நெற்றி பிளந்தது. மரியஜானின் இரண்டு விரல்கள் ஒடிந்தன.

குளோரியின் நிலை எவர் நிலையினும் இக்கட்டானது. ரசலையன் அவளுடைய உடன்பிறந்த அண்ணன். மரியஜான் அவளுடைய கணவர் சிலுவைதாசனின் அண்ணன். அவளுடைய வீடும் ரசலையனின் வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. இடையிலிருந்த சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி இருந்தது. குழம்புச் சட்டியும் குழந்தைகளும் அவ்வழியேதான் போய்வந்தன. சண்டை நடந்த மறுநாள் அப்புறமிருந்து ரசலையனும், இப்புறமிருந்து கட்டுப்போட்ட கையோடு மரியஜானும் அவ்வழியைச் சிமெண்டுக் கல்லால் அடைத்தனர். அவளுடைய மகள் அபினா திருவனந்தபுரத்தில் செவிலியாகப் பணிபுரிந்தாள். ஆகஸ்டில் அவளுக்குத் திருமணம். மணப்பெண்ணைத் தாய்மாமன் கைபிடித்துக் கோயில் படியேற்ற வேண்டும் என்பது அவ்வூர் முறை. அபினா தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் இறுதியில் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"மாமா வருவாராம்மா?"

"வருவாரு மக்கா," என்று குளோரி சொல்வாள். எதன் துணிவில் அவ்வாறு சொல்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது.

பங்குத்தந்தை சகாயம் இரு தரப்பாரையும் கோயில் முற்றத்துக்கு அழைத்தார்.

"இந்த வருசம் ஒருத்தர் கையும் கொடியில படண்டாம். வண்டி கொண்டு போவட்டு," என்றார்.

"எந்த வண்டி, பாதர்?"

"சிலுவைதாசன் ஞாயித்துக்கெழம கடப்பொறத்துல ஓட்டுவாரே, அந்த வண்டி."

கூட்டம் சிரித்தது. சார்ஜாவில் ஒரு படகுத்தளத்தில் இரண்டாண்டு வேலை பார்த்துத் திரும்பியபோது சிலுவைதாசன் கொண்டுவந்த வண்டி அது. ஒரு முழ நீளம், நான்கு பருத்த சக்கரங்கள், மின்கலத்தில் ஓடும் மோட்டார், கைக்கருவியின் சொல் கேட்டு நடக்கும் லாரி. ஐம்பத்திரண்டு வயது மனிதர் பொம்மை ஓட்டுவதைக் கண்டு ஊர் முன்பே போதுமான அளவு சிரித்திருந்தது.

ரசலையன் சிரிக்கவில்லை. "வண்டிய ஓட்டுகதும் ஒரு கைதான, பாதர்? அது யாருக்க கை?"

"தம்பிக்க வண்டி. தம்பி ஓட்டுவான்," என்றார் மரியஜான்.

"பெறகென்ன? கொடிமரத்தையும் பிடுங்கி உங்க வீட்டு முத்தத்துல நாட்டிரும்."

"ஓய், நாக்க அடக்கிப் பேசும்!"

பங்குத்தந்தை கையை உயர்த்தினார். "குளோரி ஓட்டட்டு. ஒருத்தருக்குத் தங்கச்சி, இன்னொருத்தருக்குத் தம்பி பெண்டாட்டி. எதிர்ப்பு உண்டுமா?"

எதிர்ப்புச் சொல்ல இருவருக்கும் வழியில்லை. பெண்கள் வரிசையில் நின்ற குளோரியிடம் சம்மதம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஒரு காரியம் கேட்டுக்கிடுங்க," என்று முடித்தார் பங்குத்தந்தை. "வழியில வண்டி நின்னா நின்னதுதான். யாரும் தொடப்பிடாது. கொடி கோயிலுக்குள்ள திரும்பிரும். திருவிழாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேலிடத்துல அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

குளோரி வீடு திரும்பி அடுப்பை மூட்டினாள். மரச்சீனிக் கிழங்கை அவித்துக் கொட்டி, சாளைக் கருவாட்டுக் கறியை அதன்மேல் ஊற்றிக் கணவர்முன் வைத்தபடி கேட்டாள்.

"வண்டி நின்னா யாரச் சொல்லுவாவ?"

"வண்டியத்தான் சொல்லுவாவ."

"வண்டியச் சொல்லமாட்டாவ. எங்க அண்ணன் சொல்லுவான், புருசன் வீட்டுக்காக நிப்பாட்டிட்டாண்ணு. உங்க அண்ணன் சொல்லுவாரு, பெறந்த வீட்டுக்காக நிப்பாட்டிட்டாண்ணு. எம்பிள்ளைக்கக் கையப் பிடிக்க ஆளு இருக்காது. நிக்காத மாதிரிச் செய்து தாரும்."

"செய்யலாம்டி."

சிலுவைதாசன் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். வீட்டின் முன்பக்கச் சாய்ப்பே அவருடைய பட்டறை. அங்கு ஒரு பால்பவுடர் டப்பா நிறையப் பித்தளைப் பின்கள் இருக்கும். பழைய எட்டுக் குதிரைத் திறன் எஞ்சின்களில் நீரைத் தள்ளும் விசிறியையும் தண்டையும் இணைப்பது விரல் நீளமுள்ள அத்தகைய ஒரு பின்தான். விசிறி பாறையில் மோதினால் பின் ஒடியும். உள்ளே இருக்கும் கியர் பிழைத்துக்கொள்ளும். நடுக்கடலில் பின் ஒடிந்தவர்கள் அந்த இடத்தில் ஓர் இரும்பு ஆணியை அடித்துக் கரை சேர்வார்கள். சேர்ந்த பின்னும் ஆணியைக் கழற்ற மாட்டார்கள். அத்தகைய எஞ்சின் பட்டறைக்கு வந்தால் சிலுவைதாசனின் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். "பின்னு ஒடியதுக்காக்கும்லே வச்சிருக்கு! ஆணி போட்டா கியருல்லா போவும்! மூளைய எங்க களத்தி வச்ச?"

திங்கட்கிழமை மாலை முதல் வெள்ளோட்டம் நடைபெற்றது. கொடியும் கயிறும் தாம்பாளமும் சேர்ந்த எடைக்கு ஈடாக இரண்டு கிலோ அரிசிப் பையை வண்டியில் கட்டினார் சிலுவைதாசன். குளோரி துப்பாக்கி போன்ற கைக்கருவியைப் பிடித்து, அதன் விசையை ஒற்றை விரலால் அழுத்தினாள். நாற்பதடி ஒழுங்காகச் சென்ற வண்டி, மணல் இளகிய இடத்தில் சக்கரம் புதைந்து நின்றது. உள்ளிருந்து கொசு பாடுவது போன்ற மெல்லிய ஒலி எழுந்தது.

வண்டியைப் பிரித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. மோட்டாரின் சுழற்சியைப் பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு கிளச்சுத் தட்டு இருந்தது. சுருள்வில்லும் திருகு மரையும் அதை அழுத்திப் பிடித்திருந்தன. சக்கரம் சிக்கினால் அத்தட்டு வழுக்கியது.

"சக்தி எல்லாம் இதுலல்லா வீணாப் போவுது!" என்று சிலுவைதாசன் மரையை அது சுற்றும் மட்டும் சுற்றி இறுக்கினார்.

செவ்வாய்க்கிழமை வண்டி எழுபதடி சென்றது. அங்கே சக்கரம் புதைந்ததும் உள்ளே நறநறவென்று ஓசை கேட்டது. பெரிய பல்சக்கரம் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் பற்கள் ஒரு பக்கமாக மழுங்கிப் போயிருந்தன. சிலுவைதாசன் கொச்சியிலுள்ள கடைக்குத் தொலைபேசினார். இரும்புப் பல்சக்கரமும், மோட்டார் முனையில் மாட்டுவதற்கு முன்னதினும் சிறிய பல்சக்கரமும் வியாழக்கிழமை நாகர்கோவிலுக்கு வந்தன. சிறிய பல்சக்கரத்தால் வேகம் குறைந்து இழுவை கூடும். ஒரு பேருந்தில் போய் மறு பேருந்தில் திரும்பி, அன்று மாலைக்குள் இரண்டையும் மாட்டிவிட்டார். மணல் புகாதிருக்க, கிழிந்த மழைச்சட்டையை வெட்டிக் கியர்ப் பெட்டிக்கு உறை தைத்துக் கொடுத்தாள் குளோரி. படகு எஞ்சினுக்குப் பூசும் கிரீஸை அவர் இடுக்குகளில் திணித்தார்.

அவ்வேளையில் அடைத்த சுவருக்கு அப்பாலிருந்து ரசலையனின் குரல் எழுந்தது. அவர் எவரிடமும் பேசவில்லை; சுவருக்குக் கேட்கும்படி தம் கோழிகளிடம் பேசினார்.

"சிலபேரு கொச்சியிலேருந்து இரும்புப் பல்லு வாங்கியிருக்காவளாம். எந்த எடத்துல கடிச்சி நிக்கச் சொல்லிருக்காவளோ!"

குளோரியும் தன் அடுப்பிடம் பேசினாள். "சிலபேருக்க வாயிக்கு ஒரு உறை தச்சிக் குடுத்தா நல்லாருக்கும். மழைச்சட்டத் துணி மிச்சம் கெடக்கு."

சுவருக்கு அப்பால் கோழிக்கூட்டின் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை முன்சக்கரத்துக்குச் செல்லும் தண்டு இணைப்போடு முறிந்தது. குளச்சலில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போய், பழைய படகுத் தண்டின் எஃகுத் துண்டிலிருந்து அதே அளவில் ஒன்றைக் கடைந்து வந்தார் சிலுவைதாசன். மாலையில் மரியஜான் பட்டறைக்கு வந்தார். மடங்காத இரு விரல்களை நீட்டியபடியே சாயாவைக் குடித்தார்.

"கேட்டியாலே, தம்பி. நம்ம ஆளுவ எல்லாம் வடக்க நிப்பாவ. ஒருவேள வண்டி நிக்கப்போவுதுண்ணா..."

"நிக்காது."

"நிக்குதுண்ணு வய்யி. வடக்கோட்டு சாஞ்சி நின்னா தாம்பாளம் நம்ம பக்கமா சரியும். கீழ விழுக கொடியத் தாங்கிப் பிடிச்சா அது குத்தமாவாதுல்லா?"

"அண்ணே, நீங்க சாயாவக் குடிங்க."

"உனக்க பெண்டாட்டிக்கிட்டச் சொல்லு."

"அவகிட்ட நீங்களே சொல்லுங்க," என்றார் சிலுவைதாசன்.

குளோரி கதவருகில்தான் நின்றாள். மரியஜான் அவளை நிமிர்ந்து பார்த்தார். மீதிச் சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமை விடியும்போதே வானம் கறுத்திருந்தது. தென்மேற்குக் காற்று மணலை வாரித் தகரக் கூரைகளில் அறைந்தது. இடையிடையே சாரல் விழுந்தது. பிற்பகலில் நடந்த கடைசி வெள்ளோட்டத்தில் வண்டி நூறடியைத் தாண்டியது. கொடிமரத்தின் மேட்டில் ஏறத் தொடங்கியபோது பின்சக்கர அச்சின் நடுப்பெட்டியில் சுடுபட்ட விதையைப் போல் ஏதோ வெடித்தது. திறந்து பார்க்க, உள்ளிருந்த நான்கு குட்டிப் பல்சக்கரங்களில் இரண்டு தூளாகிக் கிரீஸில் கலந்திருந்தன.

சிலுவைதாசன் சாய்ப்புத் தரையில் அமர்ந்து அத்துணுக்குகளைச் செய்தித்தாளில் பரப்பினார். வண்டியோடு வந்த உதிரிப் பையில் அத்தகைய தொகுதி இன்னும் ஒன்று மட்டுமே இருந்தது. கொச்சிக் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது.

"பல்லு போச்சு, இரும்புப் பல்லு போட்டேன். தண்டு போச்சு, எஃகுத் தண்டு போட்டேன். இப்பம் நடுப்பெட்டி போவுது. நான் என்னதாண்டி செய்யணும்?"

குளோரி அருகில் குனிந்தாள். ஒரு வாரமாக அவர் பிரிப்பதையும் மாட்டுவதையும் பார்த்திருந்தமையால் ஒவ்வோர் உறுப்பின் இடமும் அவளுக்குத் தெரியும். அவளுடைய விரல் கிளச்சுத் தட்டின் மரையில் போய் நின்றது.

"இது எதுக்கு வச்சிருக்கு?"

"அது வழுக்கும். சக்கரம் மாட்டுனா வழுக்கும். அதான் இறுக்கி வச்சிருக்கேன்."

"மாட்டும்போ வழுக்குனா என்னத்துக்கு ஆவும்?"

"வழுக்குனா..." என்று தொடங்கிய சிலுவைதாசன் கையிலிருந்த துணுக்கைக் கீழே வைத்தார்.

குளோரி முதலில் அவருடைய முகத்தையும் பிறகு பலகையிலிருந்த பால்பவுடர் டப்பாவையும் பார்த்தாள். வாரம் முழுவதும் சிரிக்காதவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஓய்! இருவத்தஞ்சு வருசமா ஊருல உள்ளவன எல்லாம் வஞ்சீரே, மூளைய எங்க களத்தி வச்சேண்ணு. நீருல்லா இப்பம் ஆணி அடிச்சி வச்சிருக்கீரு!"

சிலுவைதாசனுக்குச் சினம் மூண்டது. ஆயினும் அவள் சொன்னது சரியே. வழுக்க வேண்டியதை அவரே வழுக்கவிடாமல் செய்திருந்தார். ஒவ்வோர் உறுப்பையும் வலுவாக்கியபோது, முறிவு அதைவிட மெலிந்த அடுத்த உறுப்பைத் தேடிச் சென்றது. வேறு எவனாவது இவ்வாறு செய்திருந்தால் மூன்று தெருவும் அதை அறிந்திருக்கும்.

"மெல்லப் பேசுடி," என்றார். "சொவருக்கு அந்தால உங்க அண்ணனுக்கக் கோழி கேக்கும்."

கடைசித் தொகுதியை மாட்டி, திருகு மரையைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினார். சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தால் தட்டு வழுக்க வேண்டும். விட்டால் ஓட வேண்டும். அந்த அளவு கிடைக்க நெடுநேரம் ஆயிற்று.

"இனி ஒண்ணு கேட்டுக்கோ. மாட்டுனா அது கூவும். கூவும்போ நீ விசைய அமுக்கப்பிடாது. அமுக்க அமுக்கத் தட்டு சூடாயி எரிஞ்சி போவும். பைய விட்டு, ஒரு சாண் பின்னால எடுத்து, வேற தடம் பாத்துப் போணும்."

குளோரியின் சிரிப்பு மறைந்தது. "பின்னாலயா?"

புறப்பட்ட கொடி பின்வாங்கலாகாது என்பதை அவ்வூரில் நடக்கத் தெரிந்த குழந்தையும் அறியும்.

"மாட்டாமப் போனா பின்னால எடுக்கண்டாம்," என்று சொல்லிச் சிலுவைதாசன் உறையை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை மணிக்குக் கோயில் மணி ஒலித்தது. மழை ஓய்ந்திருந்தது, மேல்மணல் ஈரத்தால் இறுகியிருந்தது நல்வாய்ப்பே. வடபுறம் மரியஜான் வீட்டார், தென்புறம் ரசலையன் வீட்டார் என ஊர் இரு வரிசையாக நின்றது. நடுவில் ஆறடி அகலத்தில் பாதை. பங்குத்தந்தை கொடியைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் தாம்பாளத்தில் வைத்து, அதை வண்டியின்மேல் ஏற்றி வாரால் கட்டினார். பிறகு கைகளை விலக்கிக்கொண்டார்.

குளோரி வெறுங்காலுடன் வண்டிக்குப் பின்னால் நடந்தாள். முதல் ஐம்பதடி சிக்கலின்றிக் கழிந்தது. சிறிய பல்சக்கரம் மாட்டியிருந்தமையால் வண்டி நத்தையைப் போல், ஆனால் உறுதியோடு சென்றது. திங்கட்கிழமை புதைந்த இடத்தையும் செவ்வாய்க்கிழமை பல் மழுங்கிய இடத்தையும் தாண்டியது. பாட்டுக்குழு பாட மறந்து பார்த்துக்கொண்டிருந்தது. நூறடி கடந்தது. மேடு தொடங்கியது.

மேட்டின் அடியில், பந்தற்கால் நடுவதற்காக எவரோ தோண்டி மூடாமல் விட்ட குழியை மணல் மறைத்திருந்தது. இடப்பக்க முன்சக்கரம் அதில் இறங்கியது. வண்டி சாய்ந்தது, தாம்பாளம் வடக்கு நோக்கிச் சரிந்து வாரில் தொங்கியது. உள்ளிருந்து கொசுப் பாட்டு எழுந்தது.

மரியஜான் ஓரடி முன்னால் வைத்தார். அதைக் கண்டு ரசலையனும் ஓரடி முன்னால் வைத்தார். ஆறடிப் பாதை நான்கடியானது.

"நின்னாச்சி!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நிக்கல்ல," என்றார் பங்குத்தந்தை. "சக்கரம் சுத்துகு. யாரும் தொடப்பிடாது."

உண்மையில் ஒரு சக்கரம் மட்டும் காற்றில் தடுமாறித் தடுமாறிச் சுழன்றது. எரியும் பிளாஸ்டிக்கின் வாடையை முதலில் உணர்ந்தவள் குளோரிதான். அவள் விசையிலிருந்து விரலை எடுத்தாள். பாட்டு நின்றது. அதே விரலால் விசையை, வண்டி பின்னால் வரும்படி, முன்புறமாகத் தள்ளினாள்.

வண்டி ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது.

"பின்னால எடுக்காத!" என்று மரியஜான் கத்தினார்.

"ஏட்டி, பின்னால எடுக்காத!" என்று அதே நொடியில் ரசலையனும் கத்தினார்.

ஓராண்டுக் காலத்தில் அவ்விருவரும் ஒத்துச் சொன்ன முதற்சொல் அதுவே. இருவரும் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தனர்.

குளோரி தலை நிமிரவில்லை. அவளுடைய கண் சக்கரத்தைவிட்டு அகலவில்லை. "எடுக்காட்டி ஒடியும்," என்றாள், ஊர் முழுவதற்கும் கேட்கும்படி. "ஒடியணும்ணா சொல்லுங்க. ரெண்டு பேரும் சேந்து சொல்லுங்க. இப்பமே விசைய அமுக்குகேன்."

ரசலையன் தங்கையின் விரலைப் பார்த்தார். அது விசைமேல் அசையாமல் காத்திருந்தது. முன்னால் வைத்த காலை முதலில் இழுத்துக்கொண்டவர் அவர்தான். மரியஜான் சற்றுப் பொறுத்துத் தம் காலையும் இழுத்துக்கொண்டார். இருவருமே பின்னடி வைத்ததை எவரும் அன்று சுட்டிக்காட்டவில்லை.

வண்டி ஒரு சாண் பின்வாங்கிக் குழியிலிருந்து சக்கரத்தை மீட்டது. தாம்பாளம் நேரானது. குளோரி தென்புறமாக ஒடித்து, குழியைச் சுற்றி, மேட்டைக் குறுக்காக ஏறவிட்டாள். தட்டு ஒருமுறை கூவிற்று, அவள் விசையைத் தளர்த்தினாள், மீண்டும் பற்றிக்கொண்டது. கொடிமரத்தின் சிமெண்டுப் பீடத்தில் முன்சக்கரம் முட்டியபோது பங்குத்தந்தை தாம்பாளத்தை எடுத்தார். கொடி ஏறியது. காற்று அதை ஓங்கி விரித்தது. குளோரி கைக்கருவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. சிலுவைதாசன் சாய்ப்பில் வண்டியைப் பிரித்து மணலைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவழியே சுற்றி வந்து வாசலில் நின்றவரின் தோளில் ஓர் எஞ்சினின் விசிறி மாட்டும் கீழ்ப்பகுதி இருந்தது. ரசலையன் அதைத் தரையில் இறக்கிவைத்தார்.

"கியரு போச்சு," என்றார், எஞ்சினைப் பார்த்து.

சிலுவைதாசன் விசிறியைக் கழற்றினார். பின் இருக்க வேண்டிய துளையில் துருப்பிடித்த இரும்பு ஆணி ஒன்று வளைந்து இறுகியிருந்தது. வழக்கமான கூச்சல் தொண்டை வரை வந்தது. கதவருகில் நின்ற குளோரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கூச்சலை விழுங்கிவிட்டு இடுக்கியைத் தேடினார்.

"எப்பம் அடிச்ச ஆணி இது?" என்று கேட்டவள் குளோரி.

"போன வருசம். கொடியேத்து களிஞ்சி ஒரு வாரம் இருக்கும்."

"கியரு?"

"ஈஸ்டருக்கு முன்னாலயே போச்சு. அடுத்தவனுக்க வள்ளத்துலதான் போய்ட்டு வாறேன்." ரசலையன் பலகையிலிருந்த பால்பவுடர் டப்பாவைப் பார்த்தார். "ஒரு பின்னு வாங்க வரணும்ணா இந்த வாசல்லல்லா வரணும்."

குளோரி உள்ளே போய்ச் சாயா கொண்டுவந்தாள்.

"கொடியப் பின்னால எடுத்தவ கையால நான் குடிக்கமாட்டேன்."

"குடிக்கண்டாம். அங்க வச்சிருக்கேன், ஆறட்டு."

தூறல் வலுத்தது. சிலுவைதாசன் ஆணியைப் பிடுங்கிக் கியரைத் திருப்பிப் பார்த்தார். "சாமான் கொச்சியிலேருந்து வரணும், மச்சான். பத்து பதினஞ்சி நாளாவும். இடையில வந்து பாத்துக்கிடும்."

"வராம இருப்பனா?" ரசலையன் குவளையை எடுத்து, குடிப்பதை எவரும் கவனிக்கவில்லை என்பதுபோல் ஒரு வாய் குடித்தார். "மழையில ரோடு சுத்திச் சுத்தியில்லா வரணும்."

குளோரி வாசலோரம் சாத்தியிருந்த கம்பிப்பாரையைக் காட்டினாள். "அந்தால கெடக்கு."

அவர் பாரையைத் தூக்கி எடை பார்த்தார். உள்முற்றம் வழியே, சிமெண்டுக் கல் வைத்து அடைத்த இடம் வரை போய் நின்றார். முகம் மறுபடியும் கடுத்தது.

"இதுல பாதிக் கல்லுதான் நான் வச்சது. எனக்க பக்கத்துலருந்து நான் வச்சேன். இந்தப் பக்கத்துலருந்து வச்சவன் ஒருத்தன் உண்டு. நான் மட்டும் எதுக்கு இடிக்கணும்?"

"அப்பம் அந்தக் கம்பியக் கீழ வைக்காம நில்லு," என்றாள் குளோரி.

அவள் முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, தூறலில் இறங்கி, மரியஜானின் வீட்டை நோக்கி நடந்தாள்.